உடற்பயிற்சிக் குமட்டல்

உடற்பயிற்சிக் குமட்டல் என்பது பளு தூக்குதல் போன்ற கடும் பயிற்சியின்போதோ அது முடிந்த உடனேயோ வாந்தி வருவது போல் தோன்றும் உணர்வு ஆகும். பெரும்பாலும் இது சிறிது நேர ஓய்வில் தணிந்துவிடும்.

தமிழ்நாட்டின் தென் மாவட்டச் சிற்றூர்களில் இளைஞரின் வலிமையைச் சோதிக்க இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது. சில ஊர்களில் பொங்கலையொட்டி இன்றும் இப்போட்டி நடைபெறுகிறது. உருண்டையான கல்லைத் தரையிலிருந்து எடுத்து, மார்பில் ஏற்றி, தோளுக்குக் கொண்டு சென்று பின்புறமாக எறிவர். இளவட்டக்கல் ஆயினும் உடற்பயிற்சிக் கூடத்தின் இரும்புத் தண்டு ஆயினும் உடலுக்குள் நிகழ்வது ஒன்றே.

காரணங்கள்

* பெரிய தசைகள் உழைக்கும்போது குருதி அவற்றுக்குத் திருப்பப்படுகிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் அளவு குறைவதால் செரிமானம் தடைப்படுகிறது.
* மூச்சை அடக்கித் தூக்கும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடி, இரைப்பையில் உள்ளவை மேலே தள்ளப்படுகின்றன.
* இடைவெளியின்றித் தூக்கினால் குருதியின் அமிலத்தன்மை உயர்கிறது.
* பயிற்சியைத் திடீரென நிறுத்தினால் கால்களில் குருதி தேங்கிக் குருதி அழுத்தம் தாழ்கிறது.
* நீரிழப்பு, நிறைந்த வயிறு, நெடுநேரப் பட்டினி ஆகியவையும் காரணமாகலாம். டி. கல்லுப்பட்டி போன்ற மதுரைச் சமவெளி ஊர்களின் கோடை வெயிலில் நீரிழப்பு விரைவில் ஏற்படும்.

செய்ய வேண்டியவை

பளுவை இறக்கி வைத்துவிட்டு, நிழலில் மெதுவாக நடக்க வேண்டும். தலை சுற்றினால் படுத்துக் கால்களைச் சற்று உயர்த்தலாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் படுக்க வேண்டும். நீரை மடமடவெனக் குடிக்காமல் சிறிது சிறிதாக அருந்த வேண்டும். வியர்வை மிகுதியாக வெளியேறியிருந்தால் உப்பிட்ட நீர்மோர், அல்லது 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல் உதவும். அன்று மீண்டும் தூக்க முயலக் கூடாது.

தடுப்பு முறைகள்

முழு உணவுக்கும் பயிற்சிக்கும் இடையே 2 முதல் 3 மணி நேரம் இருத்தல் நன்று. எடையைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் போதிய ஓய்வு தேவை. கோடையில் காலையிலோ மாலையிலோ பயிற்சி செய்யலாம்.

எச்சரிக்கை அறிகுறிகள்

வாந்தி எடுக்கும் அளவுக்குப் பயிற்சி செய்தால்தான் உடல் தேறும் என்பது தவறான நம்பிக்கை ஆகும். நெஞ்சுவலி, திடீர்க் கடும் தலைவலி, மயக்கம், மனக்குழப்பம், நிற்காத வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடும் தசைவலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறுவது தசை இழைகள் சிதைவதைக் காட்டலாம். அவற்றிலிருந்து வெளியாகும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக் கூடியது. எனவே இந்நிலையில் வீட்டு மருத்துவத்தில் காலம் தாழ்த்துதல் ஆபத்தானது.