நெஞ்சு வெடிக்குமா?

“மகன் போன துக்கத்துல நெஞ்சு வெடிச்சே போயிட்டா” என்று நம் பக்கத்து இழவு வீடுகளில் சொல்வதுண்டு. அது வெறும் பேச்சல்ல என்பதற்கு 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் படத்தோடு சான்று தந்தார்கள். மாரடைப்பைப் போலவே வலி, ஈசிஜியிலும் மாற்றம். ஆனால் இதயத் தமனிகளில் அடைப்பே இல்லை. இடது கீழறையின் அடிப்பகுதி மட்டும் உப்பி, மேலே குறுகி, அந்நாட்டு மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல் தெரிந்தது. அந்தப் பானையின் பெயரே நோய்க்கும் நின்றது: டகோட்சுபோ. திடீர்த் துயரத்தில் பெருக்கெடுக்கும் அட்ரினலின் இதயத் தசையைத் திகைக்க வைப்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை.

ஒரே அடியாக விழும் துக்கத்தைவிட, நாள்தோறும் அரிக்கும் கவலைதான் பலருக்கும் எமன். நாமக்கல் லாரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். வீட்டைப் பிரிந்த வாரங்கள், கெட்ட தூக்கம், வண்டிக்குக் கட்ட வேண்டிய டியூ. ஓயாத கவலையில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, இரத்தம் எளிதில் உறைகிறது. பீடி கூடுகிறது, மாத்திரை மறந்துபோகிறது. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, புகை, சர்க்கரை, இரத்தக்கொதிப்பு ஆகியவற்றோடு மனநெருக்கடியையும் மாரடைப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வைத்தது.

அப்படியானால் கோயில் என்ன செய்யும்? நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயர் முன் நின்று ராமநாமம் சொல்பவரின் மூச்சைக் கவனியுங்கள். சொல்லச் சொல்ல அது நீளும். இத்தாலியில் 23 பேரை வைத்து 2001-இல் இதை அளந்தார்கள். லத்தீன் ஜெபமாலையானாலும் மந்திரமானாலும், சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயத்துடிப்பைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையானது. எந்தச் சாமி என்பதல்ல, மூச்சின் தாளமே வேலை செய்தது.

பிறர் நமக்காக வேண்டிக்கொண்டால்? அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. பலன் இல்லை. தமக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் சற்றுக் கூடவே இருந்தது. யோகம் செய்தால்? இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகப் பயிற்சியைச் சோதித்தார்கள். மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் பயின்றவர்கள் தெம்பாக உணர்ந்தார்கள். பழைய வேலைகளுக்கும் நன்றாகவே திரும்பினார்கள்.

ஆக, பக்தியும் அமைதியும் இதயத்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல. மூச்சை நிதானமாக்குங்கள், மனக்குறையை யாரிடமாவது இறக்கி வையுங்கள். ஆனால் நெஞ்சை அழுத்திக் கை, தாடை வரை வலி பரவினால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வேண்டுதலை ஆம்புலன்ஸில் போகும்போது வைத்துக்கொள்ளலாம்.