படமா, மடமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் எங்கள் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடந்தது. சிஸ்டர் 'படம்' என்று சொன்னதை, செவித்திறன் குறைந்த எங்கள் தோழி ஒருத்தி 'மடம்' என்று எழிதியிருந்தாள். நாங்கள் கொல்லென்று சிரித்துவிட்டோம். சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. எங்களுள் இருவரை முன்னால் அழைத்து, அவ்விரு சொற்களையும் குரலெழுப்பாமல் உதட்டசைவால் மட்டும் சொல்லச் செய்தார்கள். எது படம், எது மடம் என்று ஒருத்தியாலும் கூற இயலவில்லை! ப, ம இரண்டுக்குமே உதடுகள் ஒன்றுபோல மூடித் திறக்கின்றன. நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம்.

காதில் கருவி அணிந்தால் எல்லாம் தெளிவாகக் கேட்டுவிடும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அப்படியன்று. ஆசிரியையின் குரலோடு பெஞ்சு இழுபடும் ஓசையும், நம் கிசுகிசுப்பும் சேர்ந்தே அதில் பெரிதாகின்றன. காது தவறவிட்டதைக் கண்தான் பிடிக்க வேண்டும். ஆகையால் பேசுபவரின் முகம் தெரிய வேண்டும்.

அன்று முதல் எங்கள் வகுப்பில் சில வழக்கங்கள் மாறின. ஆசிரியைகள் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதில்லை. எழுதி முடித்து, திரும்பி நின்று பேசுகிறார்கள். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும் என்பதால், வெளிச்சம் முகத்தில் விழுமாறு நிற்கிறார்கள். புதிய சொற்களைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கிறார்கள். நாங்களோ ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. உதட்டைப் பார்த்துக்கொண்டே குறிப்பெழுத இயலாதல்லவா? எனவே பக்கத்திலிருப்பவள் தன் நோட்டை அவளுக்குக் காட்டுகிறாள். இதனால் கடைசி பெஞ்சில் இருப்போருக்கும் பாடம் நன்கு விளங்குகிறது.

ஆனால் நாங்கள் மற்றொரு தவறும் செய்தோம். அவளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இரக்கத்தால் நாங்களே பதில் சொல்லிவந்தோம். ஒருநாள் அவள் கண் கலங்கி, "பதில் எனக்குத் தெரியும்டி, கேள்விதான் எனக்கு வந்து சேரலை" என்றாள். கேள்வியைத் திரும்பச் சொல்வதே உதவி, பதிலைப் பறித்துக்கொள்வதன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. எல்லாரும் ஒன்றாகக் கற்க வேண்டும். கற்பிக்கும் முறையும் மாணவரின் தேவைக்கேற்ப மாற வேண்டும் என்பது அதன் நோக்கம். தேவையோ ஆளுக்கு ஆள் வேறுபடும். செவித்திறன் குறைந்தவளுக்கு எழுதிக் காட்ட வேண்டும். பார்வை குறைந்தவளுக்குப் பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நாங்கள் வெவ்வேறு பிரிவுகளுக்குப் பிரிந்து செல்வோம். எங்கள் தோழி புதிய முகங்களுக்கிடையே அமர்வாள். அவர்களுக்கும், அன்புத் தங்கையரே, உங்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே: உங்கள் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்தால், அவளுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்து, அவளையே கேளுங்கள்.