வாய் வறட்சியும் பல் நலமும்

மூன்றாம் பாடவேளை முடிவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டு மிடறு தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். ஆனால், அதிகம் பேசாத விடுமுறை நாளிலும், இரவில் விழிக்கும்போதும் வாய் வறண்டே இருக்கிறதா? வாரக்கணக்கில் அது நீடிக்கிறதா? அப்படியென்றால் அதை வேலைச் சோர்வு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

உமிழ்நீரின் பணி

மூன்று இணைப் பெரிய சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அமிலகாரக் குறியீடு (பிஎச்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை நடுநிலையாக்குகிறது. வகுப்பில் நாம் நடத்தும் அதே நடுநிலையாக்கல் வினைதான்! இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உமிழ்நீரே பல்லுக்குத் திருப்பித் தருகிறது.

உமிழ்நீர் குறைந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஈறோரத்திலும் வேர்ப்பகுதியிலும் சொத்தை விரைந்து பரவும். வாய் துர்நாற்றம், காரம் பட்டால் எரிச்சல், பூஞ்சைத் தொற்று ஆகியவையும் வரலாம். பல்செட் சரியாகப் பொருந்தாமல் உறுத்தும்.

காரணங்கள்

இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மன அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கும். நீரிழிவு, ஸ்யோக்ரன் நோய், தலை மற்றும் கழுத்துப் பகுதிக் கதிர்வீச்சுச் சிகிச்சை, வாயால் மூச்சு விடுதல், புகையிலை ஆகியவையும் காரணமாகலாம். மருந்துதான் காரணம் என்று தோன்றினாலும் நாமாக அதை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்டால் மாற்று மருந்தோ அளவு மாற்றமோ சொல்வார்.

செய்ய வேண்டியவை

• கைப்பையில் புளிப்பு மிட்டாய் வைத்திருப்போர் பலர். அது உமிழ்நீரைச் சுரக்கச் செய்தாலும், வறண்ட வாயில் சர்க்கரையும் அமிலமும் நெடுநேரம் தங்கிவிடும். தேவையென்றால் சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லலாம்.
• பாடவேளைகளுக்கு இடையே சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரைத் தவிர்க்காதீர்கள்.
• காபி, தேநீரைக் குறையுங்கள். ஆல்கஹால் கலந்த வாய்க்கொப்பளிப்பானைத் தவிருங்கள்.
• உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறையும் என்பதால், படுக்கும் முன் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குங்கள்.
• வலி வரும்வரை காத்திராமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.

மாணவர்களையும் கவனிப்போம்

ஒரு மாணவர் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் அனுமதி கேட்கிறார், உடலும் மெலிந்து வருகிறது என்றால், அவர் பாடத்தைத் தட்டிக்கழிக்கிறார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் நீரிழிவின் அறிகுறிகள் இவை. அன்றே பெற்றோரிடம் பேசி, தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். நாம் கவனித்துச் சொல்லும் ஒரு சொல் அந்தக் குழந்தையின் உயிரையே காக்கலாம்.