மீத்திறன் மாணவரும் தொண்டுவழிக் கல்வியும்

பிறர்க்கு உதவவேண்டும் என்னும் விருப்பம் வேறு; தம்மால் உதவ இயலும் என்னும் துணிவு வேறு. முன்னது நெஞ்சின் ஈரத்தால் பிறப்பது. பின்னது செய்து பழகுதலால் வளர்வது. கல்வியில் முன்னிற்கும் குமரப் பருவத்தினரிடம் விருப்பம் நிறைந்திருந்தும் துணிவு குறைந்திருத்தல் உண்டு. தொண்டோடு இயைந்த கல்வி இக்குறையை எவ்வாறு நீக்கும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஒரு செயலைத் தன்னால் முடிக்க இயலும் என ஒருவன் கொள்ளும் உறுதியைத் தன்திறன் நம்பிக்கை எனலாம். உளநூலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதற்கு நான்கு வாயில்களை வகுத்தார். தானே செய்து வெற்றி காணல், தன்னொத்தார் செய்வதைக் காணல், பிறர் கூறும் ஊக்கவுரை, செயற்படும் வேளையில் உடலும் உள்ளமும் நிற்கும் நிலை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவர் துணிபு. இந்நம்பிக்கை துறைதோறும் வேறுபடுவது. ஆதலின் மதிப்பெண்ணால் வந்த உறுதி தேர்வறைக்கு உரியதேயன்றி, துன்புறும் ஒருவர் முன்னிலையில் தானே வந்து துணைநில்லாது.

மீத்திறன் மாணவர்க்கு இவ்வேறுபாடு மிகவும் பொருந்தும். விடை எளிதிற் கைவரப் பெற்றவர் தடுமாறிப் பழகியிரார். தமக்கு வாராத செயலை மேற்கொள்ளவும் கூசுவர். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை வான்படை நிலையம் அமைந்த பகுதி. பணிமாற்றத்தால் பல மாநிலக் குடும்பங்கள் அங்கு வந்து தங்குகின்றன. வீட்டில் வேறு மொழி பேசும் சிறுவன் ஒருவனுக்குத் தமிழ் படிப்பிக்க, முதன்மை மதிப்பெண் பெறும் மாணவி ஒருத்தி முன்வந்தாள் எனக் கொள்வோம். லகர ளகரங்களின் பிறப்பிலக்கணத்தை அவள் பிழையறக் கூறினும் சிறுவன் விளங்கிக்கொள்ளான். பல்லி, பள்ளி என்னும் இரு சொற்களைப் படங்களோடு காட்டி ஒலிப்பிக்கும்போதே அவனுக்கு வேறுபாடு புலனாகும். தன் அறிவு பிறர்க்குப் பயன்பட வேண்டுமாயின் அதனை அவர் நிலைக்கேற்ப மாற்றியமைத்தல் வேண்டும் என அவள் அப்போது உணர்வாள். பண்டூரா கூறிய முதல் வாயில் இதுவே.

இத்தகைய வாய்ப்புக்கு நம் நாட்டில் நிலைத்த அமைப்பு உண்டு. காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல், செப்டம்பர் 24-ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவரோடு தொடங்கியது. பின்னர் மேனிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. ஈராண்டில் 240 மணிநேரப் பணியும் 7 நாள் சிறப்பு முகாமும் அதன் நெறி.

எனினும் மணிக்கணக்கு மட்டும் துணிவைத் தாராது. செய்த பணியை ஆசிரியரோடு அமர்ந்து எண்ணிப் பார்த்து, எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, ஏன் என ஆராய்ந்தாலன்றித் தொண்டு கல்வி ஆகாது. மேலும், தமக்கு வாய்த்த பணி மிக எளிதாயின் செருக்கும், மிக அரிதாயின் சோர்வும் தோன்றும். உதவி பெறுவோரை மாணவர்தம் பயிற்சிக்குக் கருவியாக்குதலும் தீது. கொடுப்போன், கொள்வோன் என்னும் உயர்வு தாழ்வு இன்றி ஊரொடு ஒத்து வாழும் கடப்பாட்டைத் தமிழ் மரபு ஒப்புரவு என்றது. ஈகை என்னும் அதிகாரத்திற்கு முன்னே ஒப்புரவறிதலைத் திருக்குறள் வைத்துள்ளமை இங்கு நினையத்தக்கது.

இவ்வாராய்ச்சி தமிழ்த்துறையினர்க்கும் ஒரு கடமையைச் சுட்டுகிறது. 2022 முதல் நடைபெறும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வால் பதினோராம் வகுப்பு மாணவர் 1,500 பேர் தேர்ந்தெடுக்கப்பெற்று, ஈராண்டுக்குத் திங்கள்தோறும் 1,500 ரூபாய் உதவித்தொகை பெறுகின்றனர். அவருள் விரும்புவோர்க்குத் தம் ஊர்ச் சிறாரைத் தமிழ் படிப்பிக்கும் பணியை ஆசிரியர் துணையோடு அளிக்கலாம். தொகை அவர்தம் திறனுக்குச் சான்று தரும். அத்திறன் யாருக்குப் பயன்படும் என்பதை அவ்வீராண்டிலேயே அவர் கண்டுகொள்ளுதல் வேண்டும். கண்டவர் கல்லூரிக்கு வரும்போது தமிழறிவோடு, அதனைப் பிறர்க்கு வழங்கும் துணிவையும் உடன்கொண்டு வருவர்.