துருவுக்கு இடங்கொடேல்

மயிலாப்பூரில் கடலுக்கு அருகே எங்கள் வீடு. ஓர் ஐப்பசி மழையின்போது, என் தந்தையார் விட்டுச்சென்ற இழைப்புளியைப் பின்கட்டில் மறந்து வைத்துவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்தபோது, துரு அதன் அலகைக் குழி குழியாக அரித்திருந்தது. சாணைக்கல்லாலும் மீட்க இயலவில்லை.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து, அவ்வினையை விரைவுபடுத்துகிறது. நம் கை வியர்வையிலும் உப்புண்டு. ஆகவே வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்போர், வேலை முடிந்ததும் உளி, அரம், ரம்பம் முதலியவற்றை உலர்ந்த துணியால் துடைத்து, உளியிலும் ரம்பத்திலும் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவி, தரையில் படாதபடி மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும். அரத்திற்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். பற்களில் தூள் அடைத்துக்கொள்ளும்.

இதற்கு இரண்டு நிமிடம் போதும். அதைச் செலவிடாததால் நான் இழந்தது என் தந்தையாரின் கைப்பட்ட கருவியை.