அருவியைத் தேடி: ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு நடைப் பயணம்

இலங்கையின் மலைநாட்டில் நீர்வீழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. தெருவோரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கண்டு செல்லக்கூடியவை பல. ஆயினும், கால்நடையாகச் சென்றாலன்றிக் காணவியலாத நீர்வீழ்ச்சிகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவற்றை நோக்கி நடப்பவர் நீர் விழும் இடத்தை மட்டும் காண்பதில்லை. அந்நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு திரள்கிறது என்பதையும் வழிநெடுகக் கண்டறிகிறார். இத்தகைய நீர்வீழ்ச்சிகளுள் ஒன்று, ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி.

சமவெளி என்றவுடன் யாழ்ப்பாணத்து வயல்வெளியையோ வன்னி நிலத்தையோ நினைத்துவிடுதல் கூடாது. இது மலைகளின் மேலே அமைந்த சமவெளி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கிரிகல்பொத்தவும், மூன்றாவதாகிய தொட்டுபொலவும் இதன் ஓரங்களில் நிற்கின்றன. சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய என்று அழைத்தனர். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சேர் றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் பின்னர் இதற்குச் சூட்டப்பட்டது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட இந்நிலம், 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு வனப் பகுதிகளுடன் சேர்ந்து உலக மரபுரிமைகளுள் ஒன்றாயிற்று.

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாகத் தெரு உண்டு. பதுளைப் புகையிரதத்தில் வருவோர் பட்டிப்பொலவிலோ ஒகியாவிலோ இறங்கலாம். முன்னாளில் வேட்டைக்காரர் தங்கிய பழைய விடுதி ஒன்று இப்பொழுது பார்வையாளர் நிலையமாக விளங்குகிறது. நடைபாதை அதன் அருகிலேயே தொடங்குகிறது. காவலர்கள் ஒவ்வொருவரது பையையும் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளை அகற்றிய பின்னரே உள்ளே செல்ல அனுமதிக்கின்றனர். இது வெறும் சம்பிரதாயமன்று. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

பாதை வட்டமாகச் சென்று தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. அதன் நீளம் ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நிதானமாக நடப்போருக்கு மூன்று அல்லது நான்கு மணி நேரம் செல்லும். விடியற்காலையில் புறப்படுதல் நன்று. முற்பகல் ஒன்பது, பத்து மணியளவில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து காட்சிகளை மறைத்துவிடுவது வழக்கம். தை, மாசி மாதங்களில் அதிகாலையிற் புற்களின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதும் உண்டு. ஆகவே, தடித்த மேலாடையும் வழுக்காத பாதணியும் இன்றியமையாதவை.

முதலில் எதிர்ப்படுவது பரந்த புல்வெளி. மரைகள் கூட்டமாக மேய்வதை அங்குக் காணலாம். காலடியிலுள்ள மண் கரியது. குளிரின் காரணமாக இலைகளும் வேர்களும் இங்கு விரைவில் உக்கிப் போவதில்லை. அவை நெடுங்காலமாகப் படிந்து படிந்து, நீரை உறிஞ்சிவைக்கும் மண்ணாக மாறியுள்ளன. பஞ்சு நீரைப் பிடித்து வைத்திருப்பது போல இம்மண் மழைநீரைப் பிடித்துவைத்து, சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. புல்வெளியின் பள்ளங்களில் குட்டை மூங்கிற் புதர்களுக்கிடையே ஓடும் சிற்றோடைகள் அக்கசிவின் பயனே.

புல்வெளியைக் கடந்ததும் காடு தொடங்குகிறது. தாழ்நிலக் காட்டைப் போன்று வானளாவிய மரங்கள் இங்கு இல்லை. காற்றின் வேகத்தால் குட்டையாகிக் கோணலாகி, குடை விரித்தாற்போலத் தலை பரந்த மரங்களே உள்ளன. அவற்றின் அடியிலும் கிளையிலும் பாசி அடர்ந்திருக்கிறது. மூடுபனி இக்காட்டினூடே செல்லும்போது, அதிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் இலைகளிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்கின்றன. பின்னர் ஒன்றுகூடிப் பெருந்துளிகளாகி நிலத்தில் விழுகின்றன. வானம் மழையைத் தராத நாளிலும் மரத்தின் கீழே நீர் சொட்டுவதை நடைப் பயணிகள் கேட்கலாம். மேகத்திலிருந்து நேரடியாக நீரைக் கறந்தெடுக்கும் தொழிலை இக்காடு செய்கிறது எனலாம்.

அம்மூடுபனி எங்கிருந்து வருகிறது என்பதற்கு உலக முடிவு என்னும் இடம் விடை கூறும். சமவெளியின் தென்னோரத்தில் நிலம் திடீரென முடிவடைந்து, ஏறத்தாழ 880 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. கீழே தேயிலைத் தோட்டங்களும் கிராமங்களும் விளையாட்டுப் பொருள்கள் போலத் தோன்றுகின்றன. வானம் தெளிந்த நாளில் தென்கடலின் விளிம்பும் தெரிவதுண்டு. கீழிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைச்சுவரில் மோதி மேலெழுந்து, உயரத்திற் குளிர்ந்து, பனிமூட்டமாகிறது. காட்சியை மறைத்துவிட்டதே என்று பயணிகள் குறைகூறும் அம்மூட்டந்தான் அருவிக்கு உணவு.

உலக முடிவிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடந்தால் பேக்கர் நீர்வீழ்ச்சியை அடையலாம். கண்ணுக்குப் புலப்படும் முன்பே காதுக்கு அது எட்டிவிடுகிறது. செங்குத்தான பாதையில் கவனமாக இறங்கவேண்டும். பெலிஹுல் ஓயாவின் தலைநீர் கடினமான பாறைப் படியின் மேலிருந்து சுமார் 20 மீற்றர் கீழே விழுந்து, வெண்ணிறத் திரையாக விரிகிறது. இருமருங்கிலும் பன்னங்களும், செந்நிறப் பூக்கள் பூக்கும் மகாரத்மல் மரங்களும் நிற்கின்றன. அடியிலுள்ள தடாகம் அமைதியாகத் தோன்றினும், உள்ளே நீரின் இழுப்பு வலியது, பாறையோ வழுக்குவது. இங்கு நீராடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தடையை அலட்சியஞ் செய்வது உயிரோடு விளையாடுவதாகும்.

உயரத்தால் இது நாட்டின் பெரிய நீர்வீழ்ச்சிகளுள் ஒன்றன்று. ஆயினும், மழை குறைந்த மாதங்களிலும் மெலிந்தேனும் விழுந்துகொண்டிருப்பதில் இதன் பெருமை இருக்கிறது. புல்வெளியின் கரிய மண்ணையும் காட்டின் பாசியையும் கண்டு வந்தவர்களுக்கு இதன் காரணத்தை வேறொருவர் சொல்லவேண்டியதில்லை.

இந்நீரின் பயணம் இங்கு முடிவடைவதுமில்லை. மலைச்சரிவில் இறங்கும் பெலிஹுல் ஓயா, வளவை கங்கையுடன் கூடுமிடத்தில் சமனலவெவ நீர்த்தேக்கத்தை நிரப்பி மின்சாரமாகிறது. உடவளவைக்கு வந்து நெல்வயல்களுக்குப் பாய்கிறது. இறுதியில் அம்பலாந்தோட்டையருகே கடலை அடைகிறது. இதே சமவெளியிலிருந்து மற்றொரு திசையில் இறங்கும் அக்ரா ஓயா, அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களினூடாகக் கொத்மலையை நோக்கிச் சென்று மகாவலி கங்கையுடன் சேர்கிறது. மகாவலி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. கொழும்பு மாநகருக்குக் குடிநீர் தரும் களனி கங்கையின் கிளைகளுக்கும் இம்மேட்டு நிலத்தில் ஊற்றுக்கண் உண்டு. ஆகவே, இச்சமவெளியை ஒருபோதும் கண்டிராத கமக்காரனும் நகரவாசியும் இதன் பயனை நாள்தோறும் நுகர்கின்றனர்.

நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சேர் சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, 1855 வரை அங்கு வாழ்ந்தவர். ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864இல் அல்பேட் ஏரியை அடைந்த தேசசஞ்சாரியும் அவரே. இலங்கையில் இருந்த காலத்தில் அவர் பெரும் வேட்டைக்காரராகப் பேர்பெற்றார். அவர் காலத்தில் இம்மேட்டு நிலத்தில் நடமாடிய யானைக் கூட்டங்கள் பின்னர் மறைந்தன. அவரது காலத்தை அடுத்துக் கோப்பித் தோட்டங்கள் மலைகளில் மேலும் மேலும் ஏறின. அந்நிலையில், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் அதிபராயிருந்த சேர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழிக்காது விடவேண்டும் என 1873இல் ஆலோசனை கூறினார். அரசாங்கம் அதனை ஏற்றுக் கட்டளையிட்டது. அக்கட்டளை பிறந்திராவிடின், பேக்கர் நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் வழியில் காட்டுக்குப் பதிலாகத் தோட்டங்களையே இன்று காண நேர்ந்திருக்கும்.

அன்று கோடரியிலிருந்து தப்பிய காட்டுக்கு இன்று வேறு இடர்கள் நேர்ந்துள்ளன. கடந்த சில பத்தாண்டுகளாகக் காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்றவாறே பட்டுப்போகின்றன. இதற்குக் காரணம் ஒன்றன்று, பல காரணங்கள் கூடியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. ஐரோப்பியர் கொண்டுவந்த மஞ்சட் பூக்கள் கொண்ட ஒரு முட்புதர் புல்வெளியிற் பரவி, மரைகளின் மேய்ச்சல் நிலத்தைக் கவர்கிறது. தொண்டர்கள் அதனை வேரோடு பிடுங்கி எறிந்துவருகின்றனர். பயணிகள் பாதையை விட்டு விலகி நடக்கும்போது கரிய மண் மிதிபட்டு இறுகுகிறது. இறுகிய மண் நீரை உட்கொள்ளாது வழியவிடுகிறது. குளிர் மிகுந்த நிலமாதலால் அங்கு அழிந்த புல் மீண்டும் தழைக்க நெடுங்காலம் செல்லும். எறியப்படும் பொலித்தீனை உணவென்று கருதி மரைகள் விழுங்கிவிடுகின்றன. வாசலிலே காவலர் பையைத் திறந்து பார்ப்பதன் காரணம் இதுவே.

பாடசாலைச் சுற்றுலாக்களில் மாணவர்களை இங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அருவியின் முன்னே நின்று படம் எடுப்பதோடு அமையாது, வழியிலுள்ள மண்ணையும் பாசியையும் பனித்துளியையும் சுட்டிக்காட்டுதல் வேண்டும். பாடநூலிற் படித்த நீர்ச்சக்கரம் அங்கே கண்முன் சுழல்கிறது. பேக்கர் நீர்வீழ்ச்சியிலிருந்து புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப இன்னும் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தூரம் உண்டு. அந்நேரத்தில் மூடுபனி சமவெளியை முற்றாக மூடியிருக்கக்கூடும். அவ்வேளையில் மாணவர்கள் குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாது, ஒருவர்பின் ஒருவராக நடந்து வருவார்களாயின், அவர்கள் பாடத்தை நன்கு கற்றுக்கொண்டார்கள் என்று கொள்ளலாம்.