முக்குளிக்கும் முன் கையெழுத்திடும் படிவம்

அந்தமானில் ஹேவ்லாக் என்று இன்றும் அழைக்கப்படும் ஸ்வராஜ் தீவு, புதுச்சேரி, கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு ஆகிய இடங்களில், நீச்சல் அறியாதவரும் பயிற்றுநரின் பிடியில் கடலடிக்குச் சென்று திரும்பும் ஸ்கூபா பயணங்கள் சுற்றுலாவின் வழக்கமான அங்கமாகிவிட்டன. ஆனால் அப்பயணத்துக்கு முன் நிரப்ப வேண்டிய மருத்துவப் படிவம், பணம் கட்டி, விமானம் ஏறி, தீவுக்கே வந்து சேர்ந்த பிறகு, படகு புறப்படும் நேரத்தில் நீட்டப்படும் ஒரு தாளாகவே பல இடங்களில் இருந்துவருகிறது. யார் மருத்துவரைப் பார்த்த பிறகே நீரில் இறங்க வேண்டும் என்று பிரித்தறிவதற்காக உருவான அப்படிவம், அந்த நேரத்தில் கொடுக்கப்படும்போது அப்பணியைச் செய்ய இயலாது. பயணியைக் காப்பதைவிட, பின்னாளில் நிறுவனத்தைக் காப்பதற்கே அது உதவும்.

நிலத்தில் தொல்லை தராத உடற்குறை நீரடியில் உயிருக்கு ஆபத்தாவதற்குக் காரணம் அழுத்தம். கடல்மட்டத்தில் உடல்மீது ஒரு வளிமண்டல அளவாக இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்காகிறது. அங்கு சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது ஏறத்தாழ இரு மடங்கு பருமனாக விரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுபவருக்கும், ஆஸ்துமாவால் சுருங்கிய மூச்சுக்குழலில் காற்று சிறைப்பட்டவருக்கும் நுரையீரல் கிழிந்து, வெளியேறும் காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளையின் தமனியை அடைக்கக்கூடும். முதன்முறை முக்குளிப்பவரை 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்வதில்லை என்று சொல்லி ஆறுதல் தருவது வழக்கம் என்றாலும், காற்றின் பருமன் மிக வேகமாக மாறுவது அந்த முதல் 10 மீட்டருக்குள்தான் என்பதால், ஆழம் குறைவு என்பது நுரையீரலுக்குப் பாதுகாப்பாகாது. மேலும், நீரில் அமிழ்ந்த உடலில் கைகால்களின் இரத்தம் மார்புக்குத் தள்ளப்படுவதால் இதயத்தின் சுமை கூடுகிறது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவருக்கு நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து இதனால் மிகுகிறது. வலிப்பு நோயைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை: நீரடியில் வலிப்பு வந்தால் வாயிலிருக்கும் சுவாசக் கருவி நழுவிவிடும், அதன்பின் மூழ்குதலே.

இன்று உலகெங்கும் பரவலாகப் பயன்படும் படிவம், முக்குளிப்பு மருத்துவ வல்லுநர் குழு ஒன்றால் 2020இல் திருத்தி அமைக்கப்பட்டது. பாடி, எஸ்எஸ்ஐ முதலிய பயிற்சி அமைப்புகள் தம் மையங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நெறி வகுத்துள்ளன. அதன் முதல் பக்கத்தில் பத்து வினாக்கள் உள்ளன. பத்துக்கும் ‘இல்லை’ என்று உண்மையாகவே விடையளிக்க முடிந்தவர் மருத்துவரிடம் செல்ல வேண்டியதில்லை. சில வினாக்களுக்கு ‘ஆம்’ என்றால் இரண்டாம் பக்கத்தில் துணை வினாக்கள் தொடரும். எடுத்துக்காட்டாக, 45 வயதைக் கடந்தவரிடம் புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம், நெருங்கிய உறவினருக்கு இளவயதில் வந்த இதயநோய் ஆகியவை கேட்கப்படும். மூன்று வினாக்கள் மட்டும் ‘ஆம்’ என்றதும் நேராக மருத்துவரிடம் அனுப்புபவை: 1.6 கிலோமீட்டரை 14 நிமிடங்களில் நடப்பது போன்ற மிதமான உழைப்பு கடினமாக இருப்பது, கடந்த 12 மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்திருப்பது, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை உட்கொண்டுவருவது. கருத்தடை மாத்திரைக்கும் மலேரியாத் தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கும் மட்டுமே இதில் விலக்கு உண்டு. அதாவது, நாள்தோறும் பிரஷர் மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ போடுபவர் எவரும் மருத்துவரின் கையெழுத்தின்றி நீரில் இறங்கக் கூடாது. இதைப் படகுத் துறையில் அறிந்துகொள்பவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள்: பொய்யாக எழுதுவது, அல்லது பயணத்தைக் கைவிடுவது.

‘ஆம்’ என்ற விடை தடையாணை ஆகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுப்பவர்கூட, நோய் கட்டுக்குள் இருந்தால், இறங்குவதற்கு 60 நிமிடங்கள் முன், 30 நிமிடங்கள் முன், இறங்கும் தறுவாயில் என மூன்று முறை இரத்தச் சர்க்கரையை அளந்து, அது 150 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இறங்குமுகமாக இல்லாமலும் இருப்பதை உறுதிசெய்துகொண்டு முக்குளிக்கலாம் என்பது முக்குளிப்பு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நெறி. மாறாக, காரணமின்றித் தானாகவே நுரையீரல் சுருங்கிய வரலாறு உள்ளவரையும் கருவுற்ற பெண்ணையும் பொதுவாகத் தடுப்பதே முறை. இவ்வேறுபாடுகளைப் பொது மருத்துவர் அனைவரும் அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே படிவத்தின் மூன்று பக்கங்களையும் மருத்துவரிடம் கொண்டுசென்று, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னரே, தேவையான மூச்சுத்திறன் சோதனைக்கும் இதயச் சோதனைக்கும் நேரம் விட்டுக் கேட்பது நல்லது. கடற்படையின் கடல்சார் மருத்துவத்தில் பயின்ற மருத்துவர் கிடைத்தால் அவரே இதற்குப் பொருத்தமானவர்.

உரிமைகளைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே பயணியின் கையிலுள்ள முதன்மையான கருவி. சேவையைப் பற்றிய தகவலைப் பெறுவது நுகர்வோரின் உரிமை என்பதோடு, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் ‘சேவைக் குறைபாடு’ என்ற வரையறைக்குள் அச்சட்டம் அடக்குகிறது. எனவே மருத்துவத் தகுதி வேண்டும் என்பதை முன்பதிவின்போது சொல்லாமல் பணத்தை வாங்கிவிட்டு, கடற்கரையில் தகுதியில்லை என்று திருப்பியனுப்பி, பணத்தையும் தர மறுக்கும் நிறுவனத்திடம் கேள்வி கேட்க வலுவான இடம் உண்டு. ‘எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல’ என்ற வாசகத்தில் இட்ட கையெழுத்தும் கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தானாக அழித்துவிடாது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதை மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம். அதே வேளையில், நோயை மறைத்துப் பொய்யாக விடையளித்தவரின் வழக்கு அந்த ஒரு விடையாலேயே பெரிதும் நலிந்துவிடும். ‘எல்லாவற்றுக்கும் இல்லை என்றே போடுங்கள்’ என்று ஊழியர் வழிகாட்டினாலும் கையெழுத்து பயணியுடையதே.

காப்பீட்டில் பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கெனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்கு வாசகம் ஸ்கூபாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், அது தொழில்முறையில் பங்கேற்பவருக்கே பொருந்துகிறது. பொழுதுபோக்காகச் சென்றவரின் கோரிக்கையை அதைக் காட்டி மறுத்தால் எதிர்த்து எழுதலாம். வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகளின் வாசகம் வேறாக இருக்கும் என்பதால் அவற்றைத் தனியே படிக்க வேண்டும்.

கரையேறிய பின் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் களைப்பு என்று விடாமல், ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்; அந்தமானில் அது ஸ்ரீ விஜயபுரத்தின் கடற்படை மருத்துவமனையில் உள்ளதால், ஸ்வராஜ் தீவிலிருந்து கடல் கடந்தே சேர வேண்டும். ஒரு முறை மட்டும் முக்குளித்தவர் 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழிந்த பிறகே விமானம் ஏறலாம்.

பாதிக்கப்பட்டவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீர்வு கிட்டாவிட்டால், சம்பவம் எங்கு நடந்திருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வழக்குக் கட்டணம் இல்லை. நிரப்பிய படிவம் நிறுவனத்தின் வசமே தங்கிவிடும் என்பதால், கையெழுத்திட்ட உடனே அதன் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம்பிடித்து, முன்பதிவுக் குறுஞ்செய்திகளோடும் ரசீதோடும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.